பெயின்டர் வீட்டுத் திராட்சை ஒயின்

என் அண்ணன் கார்களுக்குப் பெயின்ட் அடித்தே தலை நரைத்தவன். இடித்து நசுங்கிய காரை அவனிடம் விட்டால், எங்கே இடித்தது என்று கார்க்காரனே தேடும்படி செய்துவிடுவான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேலை நன்றாகத் தெரிந்துவிட்டால் உலகத்தில் உள்ள மற்ற வேலையெல்லாம் தானாகவே தெரிந்துவிடும் என்று நினைக்கிற ரகம் ஒன்று இருக்கிறதே, அந்த ரகத்தில் இவனுக்கு முதல் வரிசையில் இடம் போட்டு வைக்கலாம். பட்டறையில் இவனுக்கு ‘ரெண்டாவது கோட்டு’ என்று பட்டப்பெயர். யார் எதை முடித்துக் காட்டினாலும், இன்னொரு கோட்டு பெயின்ட் கொடுத்திருக்கலாம் என்பானாம். வீட்டிலும் அதே கதைதான். துவைத்த துணி, பெருக்கிய தரை, மாட்டிய திரை, எதுவாக இருந்தாலும் இவன் கணக்கில் இன்னொரு கோட்டு பாக்கி இருக்கும்.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். டிக்கெட் பர்ஸோடு தொலைந்தது, டிக்கெட் அடுத்த பெட்டியில் தம்பியிடம் இருக்கிறது, டிக்கெட்டைக் குழந்தை மென்றுவிட்டது, எல்லாம் கேட்டிருக்கிறேன். அதனால் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்கூட வராது, இளக்காரம்தான் வரும். தனிக்கட்டையாக இருக்கிறாயே, மாடியில் அறை சும்மாதானே கிடக்கிறது என்று அண்ணி கூப்பிட்டாள். சரியென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். படுக்கை மாடியில், சாப்பாடு கீழே அவர்களோடு. நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், நான் வந்து சேர்ந்தது ஒரு பொய்த் தொழிற்சாலையில்.

அந்தத் தொழிற்சாலையில் தயாராகிற சரக்கு, அண்ணனுடைய திராட்சை ஒயின்.

பட்டறையை விட்டு நிற்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். யாரோ ஒரு கார்க்காரர், கதவில் விழுந்த கீறலை மறைத்துக் கொடுத்ததற்குத் தன் வீட்டில் போட்ட ஒயின் என்று ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். இவன் அதை மேசைமேல் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். நிறம் சரியில்லை, நான் போட்டால் இதைவிட நன்றாகப் போடுவேன் என்றிருக்கிறான். ஒயினை நிறத்தை வைத்து எடைபோட்ட முதல் ஆள் என் அண்ணனாகத்தான் இருக்கும்.

செய்முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டையுள்ள கறுப்புத் திராட்சையாகப் பார்த்து வாங்குவான். காம்பு கிள்ளி, அழுகியதைப் பொறுக்கி எறிந்து, பட்டும் படாமலும் அலசுவான். பழத்தின் மேல் மாவு பூசினதுபோல் இருக்குமே, அது போகக் கூடாதாம், அதுதான் பொங்க வைக்கிற சங்கதியாம். பழம் துணியில் உலர்ந்ததும் கையால் பிசைந்து, சர்க்கரை போட்டு, மேலே மெல்லிய துணி கட்டி, துணி துவைக்கிற மெஷின் இருக்கும் பின்பக்க பால்கனியில் நிழலாக வைப்பான். காலையும் மாலையும் மரக்கரண்டியால் மேலே மிதக்கும் தோலை உள்ளே அமுக்குவான். பொங்கல் அடங்கியதும் வடிகட்டி, மண்டி அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிவை மட்டும் பாட்டிலில் இறுப்பான். பொறுமையாகத்தான் செய்வான். எல்லாம் சரி. ஆனால் இத்தனையும் எதில் செய்வான் தெரியுமா? தின்னர் வந்த கேனில்.

பெயின்டில் கலக்கிற தின்னர்தான். பட்டறையில் காலியாகிற பெரிய வெள்ளை பிளாஸ்டிக் கேனைக் கொண்டுவந்து, வாயை ரம்பத்தால் அறுத்து அகலமாக்கி, கொதிக்கிற நீர் ஊற்றி, சோடா மாவு போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைப்பான். தீப்பிடிக்கும் என்று எச்சரிக்கிற நெருப்புப் படம் போட்ட லேபிள் பாதி கிழிந்து அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் வருஷத்துக்கு ஒரு புதுக் கேன். பழைய கேனில் கறை ஏறிவிடுமாம், இவனுக்குச் சுத்தம் முக்கியமாம். ஒரே கேனை வைத்துக்கொண்டிருந்தாலாவது நாளாக ஆக நாற்றம் குறைந்திருக்கும். சுத்தக்காரன் அதற்கும் வழி விடவில்லை.

நான் வந்த புதிதில், எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தான். நிறம் என்னவோ அள்ளிக்கொண்டு போயிற்று. மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புதுப் பெயின்ட் அடித்த அறைக்குள் கதவைச் சாத்தி உட்காரவைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே அண்ணி கிளாஸை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் உள்ளே போகாமல், பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவர்கள் மகள். முப்பதை நெருங்குகிறாள், ஆபீஸில் நாலு பேரை வேலை வாங்குகிறாள், வீட்டில் இன்னும் பாப்பாதான். அந்தப் பாப்பா, போன வருஷத்தை விட இந்த வருஷம் தூக்கல் என்று வாய்கூசாமல் சொல்கிறாள். அண்ணன் திரும்பிய நேரம் பார்த்து இரண்டு பேரும் கிளாஸைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தார்கள். கை அப்படிப் பழகியிருந்தது. நான் தொண்டை கட்டியிருக்கிறது, இப்போது வேண்டாம் என்று கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டேன்.

இந்தக் கூத்து வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு டெய்லரம்மா வருஷம் தவறாமல் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிப் போவாள். அண்ணனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அந்த அம்மாவிடம் நானே கேட்டேன். தையல் மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க அதைப்போல வராது என்றாள். எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜன்னல் கம்பியில் காய்ந்த பெயின்ட் துளியை எடுக்கிறாராம். ஆனால் அண்ணனை வாசலில் பார்த்துவிட்டால் இந்த ஆள், அடுத்த வருஷம் ரெண்டு பாட்டிலாகக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார். ஐஸ் வைப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படி எல்லாருமாகச் சேர்ந்து அவன் காதில் பூ சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அவள் சட்டையின் கைகளை உள்ளே மடித்தபடி சொன்னாள். முதல் தடவை அவன் ஒயின் போட்டபோது பட்டறையில் வேலை இல்லாத சமயம். கம்ப்யூட்டரில் நிறம் கலக்கிற மெஷின் வந்து, இவனுடைய கண் கணக்குக்கு மதிப்புப் போய், வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தானாம்.

“அன்னைக்கு ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அடுத்த வருஷம் மாத்திச் சொன்னா, போன வருஷம் சொன்னது பொய்யான்னு கேப்பாரு. அதுக்கப்புறம் எங்க போய் மாத்துறது?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு பொய்க்கு மேல் ஒரு கோட்டு, அதன் மேல் இன்னொரு கோட்டு. பெயின்டர் அண்ணனா அண்ணியா என்று கேட்க வேண்டும். நானே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இப்போது பட்டறையும் இல்லை, இதைத் தவிர அந்த மனிதருக்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது, வாயைத் திறக்காதே என்று கெஞ்சினாள். போய்த் தொலையட்டும், எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

விட்டிருக்கலாம். ஆனால் பாப்பாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவளே பார்த்து வைத்த பையன்தான், கூட வேலை செய்கிறவன். பையனின் அப்பா பேக்கரி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வருகிறோம், நேரில் பார்த்துப் பழகிவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனிதரைப் பற்றிப் பாப்பா சொன்னதைக் கேட்டு எனக்கு அவரைப் பார்க்காமலேயே பிடித்துப்போயிற்று. சொந்த அக்கா வீட்டில், விருந்தாளிகள் நடுவில், கேக்கை ஒரு வாய் கடித்துவிட்டு, இதை யாருக்கும் கொடுக்காதே என்று தட்டைத் தள்ளி வைத்தவராம். வாயில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள். அப்படிப்பட்டவருக்கு முன்னால் அண்ணன் தன் கையாலேயே பாட்டிலைத் திறந்து ஊற்றப் போகிறான். அதற்காகவே நல்ல கிளாஸ்களாக வாங்கி வந்துவிட்டான்.

பாப்பா மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அவர் ஒரு வாய் குடித்ததும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அப்பா எல்லார் முன்னாலும் அவமானப்பட்டு நிற்பார், அதைப் பார்த்துவிட்டு நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவது என்றாள். அப்பாவிடம் சொல்லேன் என்றேன். ஐயோ, என்னால் முடியாது என்றாள். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் பூசி மெழுகியதில் இப்போது அவளுடைய கல்யாணமே மாட்டிக்கொண்டு நிற்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை உண்மை சொல்ல அப்போதும் இருவரும் தயாரில்லை. நல்ல குடும்பம்.

அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். வழி என்றால் வேறென்ன, இன்னொரு பொய். அண்ணன் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் கடையில் ஒயின் வாங்கி வந்து, அவனுடைய பாட்டில்களில் இருந்ததைக் குளியலறையில் கொட்டிவிட்டு, கடைச் சரக்கை நிரப்பி, பழையபடி மூடி போட்டு வரிசையாக வைத்துவிட்டாள். அன்று முழுக்கக் குளியலறைக்குள் யாரும் சேர்ந்தாற்போல் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. பாப்பா ஜன்னலைத் திறந்து வைத்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அண்ணன் ஒரு பாட்டிலை எடுத்தான். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் ஆர்ப்பாட்டமாக மூடியைத் திருகி, கிளாஸில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கை உள்ளே விட்டு நெஞ்சு நிறைய இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஒரு வாய் குடித்தான்.

“பாத்தியா அந்த வாசனையை? இது நம்ம கையில மட்டும்தான் வரும். கடைக்காரனுக்கெல்லாம் வராது.”

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் நான் நினைத்திருந்தது, பெயின்ட் நாற்றத்திலேயே கிடந்தவனுக்கு அது பழகிப்போய் நாற்றமாகத் தெரியவில்லை என்றுதான். அது பழகியிருக்கட்டும். ஆனால் அந்த நாற்றம் கொஞ்சமும் இல்லாத கடைச் சரக்கைக் கொடுத்தால் வித்தியாசம் தெரிய வேண்டாமா? செல்லாத டிக்கெட்டை நீட்டுகிறவன் எப்போதும் முகத்தில்தான் அதிகம் அலட்டுவான். அவன் அந்தக் கிளாஸை முகர்ந்ததில் அப்படி ஓர் அலட்டல் இருந்தது.

அவன் பால்கனிக்குப் போய்க் கேனைக் கழுவ உட்கார்ந்ததும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, உனக்கு மூக்கு வேலை செய்யலையா?”

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. என்ன உளறுகிறாய் என்றான். நீ இப்போது குடித்தது கடையில் வாங்கியது என்றேன். கை நின்றது. பிறகு மெல்லச் சொன்னான். பெயின்ட் அடிக்கிற அறையில் வேலை செய்து செய்து மூக்கு செத்துப்போய்விட்டது. பாப்பா பிறப்பதற்கு முன்னாலேயே. பூவும் தெரியாது, புகையும் தெரியாது. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம், அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் ஏன் அண்ணியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அந்த மகா புத்திசாலி சொன்ன காரணத்தைக் கேளுங்கள். கல்யாணமான புதிதில் அண்ணி தினமும் வாசலில் நின்று, முகமூடி போட்டுக்கொண்டு பெயின்ட் அடியுங்கள் என்று கரடியாய்க் கத்துவாளாம். இவன் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, உனக்கு என்ன தெரியும், முகமூடி போட்டால் எனக்குக் கை ஓடாது என்று அவள் வாயை அடைப்பானாம். மூக்கு போனதைச் சொன்னால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடுமே. அதற்காக ஒரு மனிதன் ஒரு வாழ்க்கை முழுக்க முகர்ந்து முகர்ந்து நடித்திருக்கிறான்.

“சரி, கேனையாவது யார்கிட்டயாவது குடுத்து மோந்து பாக்கச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். வருஷா வருஷம் பட்டறையில குடுத்துப் பாக்கச் சொல்லுவேன். ஒருத்தனுக்கு மூணு பேரா மோந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்குன்னுதான் சொன்னாங்க.”

“அவங்க என்ன வேலை பாக்குறாங்க?”

“பெயின்டருங்கதான்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற ஒருத்தனுக்கும் மூக்கு உருப்படியாக இருக்காது. ஒரு செத்த மூக்குக்கு மூன்று செத்த மூக்குகள் சர்டிபிகேட் கொடுத்திருக்கின்றன. சிரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அப்படியென்றால் என் ஒயின் என்று இழுத்தான். தின்னர் நாற்றம் என்றேன். எல்லாருக்கும் தெரியுமா என்றான். எல்லாருக்கும் தெரியும் என்றேன். டெய்லரம்மா கேட்டு வாங்கிப் போகிறாளே என்றான். எதற்கு என்று சொன்னேன். ஏஜென்ட் எதற்கு என்றும் சொன்னேன். அதற்கு மேல் அவன் யாரைப் பற்றியும் கேட்கவில்லை. பாதி கழுவிய கேனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மூக்கு விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே என்றான். நான் ஏன் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவன் நீ என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் மனைவியோடும் மகனோடும் வந்தார். குட்டையான மனிதர், முழங்கைவரை அடுப்பில் சுட்ட தழும்புகள். சுவரில் பெயின்ட் உரிந்திருந்த ஓரிடத்தைப் பார்த்து, நீங்கள் பெயின்டர்தானே என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். பாப்பா வெளுத்துப்போனாள். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

மேசையில் கோழிக்கறியும் சோறும் பொரித்த மீனும் இருந்தன. அண்ணன் பாட்டிலை எடுக்கவில்லை. எடுக்காமலே சாப்பாடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளைப் பையன் முந்திக்கொண்டான், மாமா ஒயின் போடுவார் என்று பாப்பா சொல்லியிருக்கிறாள் என்று. அண்ணி சட்டென்று அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து நடுவில் வைத்து, கிளாஸ்களிலும் தானே ஊற்றிவிட்டாள். பேக்கரிக்காரர் முகர்ந்தார், குடித்தார், தலையை ஆட்டினார். நன்றாகப் போட்டிருக்கிறீர்கள் என்றார். அத்தோடு விட்டாரா? பொங்கின மண்டி மிச்சம் இருந்தால் கொடுங்கள், ரொட்டி மாவில் போட்டுப் பார்க்கிறேன், எதில் போட்டு வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

பால்கனிக் கதவைத் திறந்தால் போதும், கேன் சொல்லிவிடும். அண்ணி, எல்லாம் தீர்ந்துபோச்சுங்க, கழுவி வைத்துவிட்டோம் என்று அள்ளி விட்டாள். பாப்பாவும் ஆமாம் மாமா என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நானும் சேர்ந்துகொள்வேன் என்று. அதற்குள் அண்ணன் பேசிவிட்டான்.

“இது கடையில வாங்கினது. நான் போட்டது இது இல்ல. நான் போட்டா தின்னர் நாத்தம் அடிக்கும், கேன் அப்படி. எனக்குத் தெரியாது, ஏன்னா எனக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு. இவங்க என்னைக் காப்பாத்துறதுக்காகச் சொல்றாங்க.”

பேக்கரிக்காரர் நின்றபடியே அவனைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். எங்கள் கடையிலும் மாவுத்தூசியில் நெஞ்சு போன ஆள் இரண்டு பேர் உண்டு, ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றார். அடுத்த வாரம் நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தேதி அங்கே பேசிக்கொள்ளலாம் என்றார். பாப்பா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள். என் அண்ணனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படி நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தீர்களா, ஒரு வார்த்தை உண்மை, காரியம் முடிந்தது, இதற்கா இத்தனை கூத்து என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பேக்கரிக்காரர் கோழிக்கறியை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். அவர் மனைவி மேசைக்கு அடியில் காலால் இடித்ததை நான் பார்த்தேன். அந்த மனிதருக்கு அது உறைக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உப்பும் காரமும் ரொம்பத் தூக்கலா இருக்கு. வேற ஒண்ணுமே தெரியல.”

அண்ணி சிரித்துக்கொண்டே கரண்டியோடு அவர் பக்கம் திரும்பினாள். அதில் ஒரு பெருமை இருந்தது. எங்கள் வீட்டில் இவருக்கு இப்படித்தான் பிடிக்கும் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை, வாசலில் கால் வைக்கும்போதே வாசனை ஆளைத் தூக்குகிறது என்றுதான் உள்ளே வருவார் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றாள். அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

“எத்தனை வருஷம்னு சொன்னீங்க?”

என்னங்க என்று அவள் இன்னொரு முறை கேட்டாள். பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி என்று தட்டுக்குள் சொன்னான். அண்ணி கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அப்பளம் பொரிக்கவேண்டும் என்று யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லி உள்ளே போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அடுப்பு எரியவில்லை, எண்ணெயும் வைக்கவில்லை. அவள் கறிப் பாத்திரத்தைத் திறந்து, ஒரு சின்னக் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள். பட்டறையிலிருந்து வந்து அவன் ஒரு நாள், இன்னும் கொஞ்சம் உப்பு இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்பானாம். இன்னொரு நாள் மிளகாய் இன்னும் இரண்டு கூட இருந்திருக்கலாம் என்பானாம். அவளும் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். மூக்கில்லாதவனுக்கு எட்டுகிறவரை கூட்டியிருக்கிறாள். அதைச் சாப்பிட்டு அவன் ஆஹா என்பதைக் கேட்டுக்கொண்டு, தனக்கு நல்ல கைப்பக்குவம் என்று நம்பி இத்தனை வருஷம் இந்த அடுப்படியில் நின்றிருக்கிறாள். எனக்கு அவன்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. என்ன மனிதன் இவன் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அவரை விடு. நீ மனசுல பட்டதைச் சொல்றவ. இப்பச் சொல்லு, உப்பு ஜாஸ்தியா?”

“ஜாஸ்திதான் அண்ணி.”

“இன்னைக்கு மட்டுமா?”

நான் கொஞ்சம் தயங்கினேன். பிறகு சொன்னேன்.

“நான் வந்த நாள்லேர்ந்து.”

அண்ணி பாத்திரத்தை மூடினாள். மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்ததைத் துணியால் துடைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“மூணு வேளையும் என் கையாலதானே சாப்பிட்ட? கேட்டப்பல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்ன?”

வெளியே பேக்கரிக்காரர் ஏதோ சொல்ல, பாப்பா சிரிப்பது கேட்டது. அண்ணி முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பழத்தட்டை எடுத்துக்கொண்டு விருந்தாளிகளிடம் போனாள். நான் அடுப்படியிலேயே நின்றேன்.